நீடாமங்கலம் கேட்டும் என் லேப்டாப் பூட்டும்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் ஒரு தடவையாவது மாட்டிக்கொள்ளாதவர் எங்கள் பக்கம் யாரும் இருக்க முடியாது. சம்பா அறுவடை நேரமென்றால் கேட்கவே வேண்டாம். கொள்முதல் செய்த நெல்லை வெளி மாவட்டங்களுக்கு அனுப்ப மூட்டை லாரிகள் ஒரு பக்கம் வரிசை கட்டி நிற்கும். சரக்கு ரயிலை முன்னும் பின்னும் இழுத்து ஷண்டிங் செய்துகொண்டிருப்பார்கள். கேட் மூடியே கிடக்கும். பஸ்ஸில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக இறங்கி டீக்கடைப் பக்கம் நகர்வார்கள். டிரைவரே இறங்கிவிட்டால் இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது என்று அர்த்தம்.

2020-ஆம் வருஷம், பொங்கலுக்கு நாலைந்து நாள் முன்னால், அப்படித்தான் நானும் இறங்கினேன். கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையில் பில் கட்டுகளை வாங்கிக்கொண்டு மன்னார்குடி திரும்பிக்கொண்டிருந்தேன். ஜிஎஸ்டி ரிட்டர்ன் வேலைதான் எனக்கு. மறுநாள் 11-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-1, அதாவது மாத விற்பனைக் கணக்கு, போடக் கடைசி நாள். லேப்டாப் பையை சீட்டில் வைத்து, இடம் பிடித்ததற்கு அடையாளமாக அதன்மேல் துண்டையும் போட்டுவிட்டு டீ வாங்கினேன். முதல் வாய் குடிக்கிறேன், கேட் தூக்கினார்கள். அன்றைக்கென்று டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். கையில் டீ கிளாஸோடு ஓடினேன். பஸ் போயே போய்விட்டது.

அடுத்த பஸ் கிடைத்து மன்னார்குடி போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த ஒரு மணி நேரம் பட்ட பாட்டில், போனால் போகட்டும் என்று லேப்டாப்பை மனசுக்குள் தலைமுழுகியாகிவிட்டது. பழைய மெஷின், பத்தாயிரம்கூடப் பெறாது. வயிற்றைக் கலக்கியது அதற்குள் இருந்தவைதான். முப்பத்து சொச்சம் கடைக்காரர்களின் பான் கார்டு, ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மெண்ட், ஜிஎஸ்டி போர்டல் பாஸ்வேர்டுகள் எல்லாம் ஒரே எக்செல் ஷீட்டில். ஒரு உரக்கடை அண்ணாச்சி, மனைவிக்கே தெரியாத ஒரு கடன் கணக்கை என்னிடம் கொடுத்து வைத்திருந்தார். ஒரு அரிசி மில்காரர் அண்ணன் தம்பி பாகப்பிரிவினைப் பத்திரத்தையே ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார். என் சொந்த ரகசியம் என்று பார்த்தால் அதில் எதுவுமே இல்லை. அத்தனையும் ஊரார் வீட்டுச் சொத்து.

பை கிடைத்துவிட்டது. கண்டக்டர் நல்ல மனுஷன், மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் அறையில் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். துண்டுகூட மடித்து வைத்திருந்தது. ஆனால் பையின் ஜிப் பாதி திறந்திருந்தது. நான்தான் அப்படி விட்டேனா, வேறு யாராவது திறந்தார்களா? இன்றுவரை தெரியாது. பொருள் திரும்பி வந்தாலும் கூடவே ஒரு சந்தேகமும் வந்து ஒட்டிக்கொள்ளும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நகை என்றால் எண்ணிப் பார்த்து நிம்மதியடையலாம். ஃபைலை எப்படி எண்ணுவது? நகல் எடுத்துக்கொண்டு போனவன் மூலத்தை அப்படியேதானே வைத்துவிட்டுப் போவான்.

“அதான் பாஸ்வேர்ட் போட்டிருக்கேனே” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வந்த சித்தப்பா மகனிடமும் அதையே சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. தன் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து என் லேப்டாப்பில் செருகி, ஆன் பண்ணும்போதே ஒரு கீயைத் தட்டினான். பென் டிரைவிலிருந்தே ஒரு உபுண்டு (விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் வகை, என் லேப்டாப்பில் இருப்பதும் அதுதான்) எழுந்து வந்தது. ஃபைல் மேனேஜரைத் திறந்தான். என் டிஸ்க் பக்கத்தில் சின்னப் பெட்டியாகத் தெரிந்தது. அதைச் சொடுக்கினான், என் பெயர் போட்ட ஃபோல்டர். அதற்குள் ‘கிளையண்ட்ஸ்’. அதற்குள் அந்த எக்செல் ஷீட்.

“எங்கேக்கா பாஸ்வேர்ட்? அது என்னைக் கேக்கவே இல்லையே” என்றான்.

கரும்பு கடித்துக்கொண்டிருந்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவன் சொன்னது சுருக்கமாக இதுதான். லாகின் பாஸ்வேர்ட் என்பது வாசலில் நிற்கும் காவல்காரர் மாதிரி. வாசல் வழியாக வருகிறவனை மட்டும்தான் நிறுத்துவார். கொல்லைப் பக்கம் வருகிறவனுக்கும், வீட்டையே பெயர்த்துத் தூக்கிக்கொண்டு போகிறவனுக்கும் அவர் ஒரு பொருட்டே இல்லை. டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால், என் உபுண்டு ஓடவே போவதில்லை. பிறகு யார் பாஸ்வேர்ட் கேட்பார்கள்? டிஸ்க்கில் எழுதியிருப்பதே படிக்க முடியாதபடி இருந்தால்தான் உண்டு.

அன்றைக்கே பூட்டச் சொன்னேன். முதல் தடவை அரைகுறையாகத்தான் செய்தோம். ‘ஹோம்’ பார்ட்டிஷனை மட்டும், அதாவது என் ஃபைல்கள் இருக்கும் பகுதியை மட்டும், லக்ஸ் என்ற முறையில் பூட்டினோம். ஃபைல்களை வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்துக்கொண்டு, கிரிப்ட்செட்டப் என்ற நிரலைக் கொண்டு அந்தப் பார்ட்டிஷனைப் புதிதாக வடிவமைத்து, எல்லாவற்றையும் திரும்பக் கொட்டினோம். வடிவமைக்கும்போது “உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?” என்று கேட்டு, ‘யெஸ்’ என்பதைப் பெரிய எழுத்தில் தட்டினால்தான் மேலே போகிறது. சின்ன எழுத்தில் தட்டினால் காதில் போட்டுக்கொள்வதில்லை. எனக்கு அந்தக் கறார் பிடித்திருந்தது.

லக்ஸ் என்பது லினக்ஸில் டிஸ்க்கைப் பூட்டப் பொதுவாகப் புழங்கும் முறை. க்ளெமென்ஸ் ஃப்ருவிர்த் என்பவர் 2004-இல் உருவாக்கியது. சங்கேதமாக்கும் வேலையைச் செய்வது ஏஇஎஸ் என்ற கணக்கு முறை. பெல்ஜியத்துக்காரர்கள் இருவர், யோவான் டேமனும் வின்சென்ட் ரைமனும் வடிவமைத்தது, 2001-இல் அமெரிக்க அரசின் தரமாக ஏற்கப்பட்டது. கணக்கு எனக்குப் புரியாது, புரிந்த மாதிரி எழுதவும் போவதில்லை. ஆனால் சாவி ஏற்பாடு புரிந்தது, எங்கள் வீட்டுப் பத்தாயத்தை வைத்து.

தாத்தா காலத்தில் கூடத்தில் ஒரு பத்தாயம் இருந்தது. மேலே நெல்லைக் கொட்டி, கீழே சின்னத் திறப்பு வழியாக எடுக்கிற மரப்பெட்டி. திறப்புக்குப் பூட்டு, பூட்டுக்கு ஒரே சாவி. லக்ஸிலும் டிஸ்க் முழுவதையும் பூட்டுவது ஒரே ஒரு முதன்மைச் சாவிதான். அதை மெஷினே கண்டபடி எண்களைக் கோத்து உருவாக்கிக்கொள்கிறது. நாம் அதைப் பார்ப்பதே இல்லை. நாம் தட்டுகிற கடவுச்சொல் பத்தாயத்தை நேராகத் திறப்பதில்லை, அந்தச் சாவியை வைத்திருக்கும் ஒரு சின்ன டப்பாவைத் திறக்கிறது. டப்பாக்கள் பார்ட்டிஷனின் தொடக்கத்தில், ஹெடர் என்ற பகுதியில் இருக்கின்றன. பழைய லக்ஸில் எட்டு டப்பா வரை வைக்கலாம், இப்போதைய லக்ஸ் 2-இல் 32 வரை. ஒவ்வொன்றுக்கும் தனிக் கடவுச்சொல், எல்லாவற்றுக்குள்ளும் அதே சாவி.

இதனால் என்ன லாபம் என்றால், கடவுச்சொல்லை மாற்ற வேண்டுமென்றால் டப்பாவை மாற்றினால் போதும், நெல்லை அள்ளிக் கொட்ட வேண்டியதில்லை. கோயில் உண்டியலோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. உண்டியலுக்கு இரண்டு மூன்று பூட்டு இருக்கும், சாவி வைத்திருக்கும் எல்லாரும் வந்து நின்றால்தான் திறக்கும். இங்கே யாராவது ஒருவர் போதும். ஆகவே டப்பாக்களில் சோப்ளாங்கியான ஒரு கடவுச்சொல் இருந்தாலும் மற்றதெல்லாம் வீண்.

மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பொங்கலுக்கு வந்த அதே தம்பி தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டான். அவனுக்கு இங்கே வீட்டிலிருந்தே வேலை, எனக்குக் கடைகள் மூடியதால் வேலையில்லை. ஒரு மத்தியானம், “நம்ம பூட்டு நல்லாருக்கான்னு பாப்போமாக்கா?” என்றான். மறுபடி அதே பென் டிரைவ். இந்தத் தடவை ஹோம் பகுதியைத் தொட்டதும் கடவுச்சொல் கேட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவன் விடவில்லை. “ஸ்வாப்னு ஒண்ணு இருக்கு பாத்தீங்களா?” என்றான்.

ரேம், அதாவது வேலை நடக்கும்போது மட்டும் தகவலை வைத்திருக்கும் நினைவகம், நிரம்பி வழியும்போது மெஷின் மிச்சத்தைக் கொட்டி வைக்கும் இடம் ஸ்வாப் பார்ட்டிஷன். ஹைபர்நேட் செய்தாலும் அப்போது ரேமில் இருப்பதெல்லாம் அங்கேதான் போய் எழுதப்படும். அதை நாங்கள் பூட்டவில்லை. அவன் கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினான். ஸ்வாப்பில் கிடக்கும் எழுத்துகளை எல்லாம் வாரி, அதில் ஐந்து எழுத்து, நான்கு எண், ஓர் எழுத்து என்ற வரிசையில் ஏதாவது இருக்கிறதா என்று தேடச் சொன்னான். பான் எண்ணின் வடிவம் அதுதானே. திரையில் பத்துப் பதினைந்து வரி ஓடியது. பாதி குப்பை. குப்பைக்கு நடுவில், எனக்கு மனப்பாடமான ஒரு எண். பாத்திரக்கடைக்காரருடையது. நான்காவது எழுத்து ‘பி’, தனிநபர் கணக்கு. அடுத்த எழுத்து அவருடைய கடைசிப் பெயரின் (சர்நேம்) முதலெழுத்து. சந்தேகத்துக்கே இடமில்லை. அதற்கு இரண்டு வரி கீழே உரக்கடை அண்ணாச்சி.

கதவுக்குத் திண்டுக்கல் பூட்டைப் போட்டுவிட்டு, சமையலறை ஜன்னலைத் திறந்துபோட்டிருக்கிறேன். ஸ்வாப் மட்டுமில்லை. மெயிலில் வந்த பிடிஎஃப்பைச் சேமிக்காமல் அப்படியே திறந்தால், அது தற்காலிக ஃபோல்டர் எதிலாவது போய் உட்காரலாம். பிரிண்டருக்கு அனுப்பியது அதன் வரிசைக் கிடங்கில் தங்கலாம். இவை இரண்டும் பொதுவாக ஹோமுக்கு வெளியே இருப்பவை. எது எங்கே சிந்தும் என்று ஒவ்வொன்றாகத் துரத்திக்கொண்டு ஓட நம்மால் ஆகாது. முக்கியமான ஃபோல்டரை மட்டும் பூட்டிக்கொள்ளலாம் என்கிறவர்களிடம் அன்றிலிருந்து நான் சண்டைக்கே போகிறேன். முக்கியமானது எங்கெல்லாம் சிந்தியிருக்கிறது என்று நமக்கே தெரியாதபோது எதைப் பூட்டுவது?

முதலிலிருந்து தொடங்கினோம். பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாமல் சிப்பிலேயே எழுதும் டிஸ்க்) போட்டோம். அதற்கும் காரணம் இருந்தது. முன்பு பூட்டாமல் எழுதிய டிஸ்க்கில், பிறகு பூட்டினாலும் பழைய எழுத்துகள் மூலை முடுக்கில் மிச்சமிருக்கலாம். பழைய ஹார்ட் டிஸ்க்கை முழுக்க மேலெழுதி மறைத்துவிடலாம். எஸ்எஸ்டியில் அந்த உறுதிகூடக் கிடையாது. ஒரே இடம் தேய்ந்துபோகக் கூடாது என்று அது எழுதும் இடத்தைத் தானாகவே மாற்றிக்கொண்டே இருக்கும், பழைய நகல் உள்ளே எங்கேயாவது தங்கியிருக்கும். அதனால் எஸ்எஸ்டி என்றால் முதல் நாளே பூட்டிவிட்டு அப்புறம் எழுத ஆரம்பிப்பதுதான் நல்லது. உபுண்டு நிறுவும்போதே முழு டிஸ்க்கையும் பூட்ட ஒரு தேர்வு இருக்கிறது. அதை எடுத்தால் சிஸ்டம், ஹோம், ஸ்வாப் எல்லாம் ஒரே லக்ஸ் பெட்டிக்குள் போய்விடும். மெஷின் எழுந்திருக்கத் தேவையான சின்னப் பகுதி மட்டும்தான் வெளியே நிற்கும். வேகம் குறையுமோ என்று பயந்தேன். இப்போதைய பிராசஸர்களில் ஏஇஎஸ் கணக்குக்கென்றே தனிக் கட்டளைகள் இருப்பதால் வித்தியாசம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

விண்டோஸ்காரர்களுக்கு இதே வேலைக்கு பிட்லாக்கர் இருக்கிறது. ஹோம் பதிப்பு என்றால் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்ற பெயரில் அதன் எளிய வடிவம், அதுவும் மெஷின் ஒத்துழைத்தால். அதற்கு 48 இலக்கத்தில் ஒரு மீட்புச் சாவி உண்டு, பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். அது எங்கே இருக்கிறது என்று இப்போதே ஒரு தடவை பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். மெஷின் எழுந்ததும் முதலில் ஓடும் பயாஸில் ஏதாவது மாறிய ஒரு காலையில் அது கேட்கும்.

சரி, கடவுச்சொல் கதைக்கு வருகிறேன். என்னை உண்மையில் படுத்தியெடுத்தது அதுதான்.

நாமே யோசித்து வைக்கும் கடவுச்சொல் எதுவும் சரிப்படாது, பிள்ளை பெயரும் பிறந்த வருஷமும்தான் கடைசியில் வந்து நிற்கும், குருட்டாம்போக்கில் நாலைந்து சொல் எடுங்கள் என்றான் தம்பி. பகடை உருட்டிச் சொல் எடுக்கும் முறை ஒன்று இங்கிலீஷில் 1995-லிருந்தே இருக்கிறதாம். ஆறு முகப் பகடையை ஐந்து தடவை உருட்டினால் 7,776 சொற்கள் உள்ள பட்டியலில் ஒரு சொல். எங்கள் வீட்டில் ஆறு முகப் பகடை கிடையாது. பாட்டி காலத்துப் பித்தளைத் தாயக்கட்டை இருந்தது. அதற்கு நாலு முகம். ஐந்து உருட்டுக்கு 1,024 விதம். அவன் உட்கார்ந்து 1,024 தமிழ்ச் சொற்களுக்கு ஒரு பட்டியல் போட்டான். ஊரடங்கில் அவனுக்கும் வேறு பொழுதுபோக்கில்லை. அம்மா தரையில் உட்கார்ந்து ஒற்றைக் கட்டையை உருட்ட, அவன் குறிக்க, ஆறு சொற்கள் விழுந்தன. 1,024-ஐ ஆறு தடவை பெருக்கினால் ஒன்றுக்குப் பின்னால் 18 பூஜ்ஜியம் போட்டால் வருவதைவிடப் பெரிய எண் வரும். ஒவ்வொரு ஊகத்துக்கும் மெஷினைக் கொஞ்சம் தவிக்கவிடும் ஏற்பாடும் லக்ஸ் 2-இல் உண்டு. ஆர்கான் 2 என்று அதற்குப் பெயர். நிறைய ரேமைத் தின்று, வேண்டுமென்றே ஓரிரு விநாடி எடுத்துக்கொள்ளும். நமக்கு ஓரிரு விநாடி ஒன்றுமில்லை, கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்க்கிறவனுக்குத்தான் ஆயுள் போதாது. (அம்மா உருட்டியதில் தாயம் கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது. பழைய கட்டை, ஒரு பக்கம் தேய்ந்திருக்கலாம். பரவாயில்லை என்று விட்டுவிட்டோம்.)

ஆறு சொல்லையும் இரண்டு நாளில் மனப்பாடம் செய்துவிட்டேன். வயலையும் அடுக்களையையும் கலந்து ஒரு கிறுக்குத்தனமான காட்சி மனசில் வந்து நின்றது, மறக்கவே மறக்காது. ஆனால் மெஷின் எழுந்திருக்கும்போது தமிழ் 99 விசைப்பலகை வராது. கடவுச்சொல் கேட்கும் அந்த நேரத்தில் இங்கிலீஷ் எழுத்துகள்தான். ஆகவே தமிழ்ச் சொல்லை இங்கிலீஷ் எழுத்தில் தட்ட வேண்டும். அதில் ஒரு சொல்லில் ‘ழ’ இருந்தது.

மூன்று வாரம் ஒழுங்காகத் திறந்தது. விரல் தானாகவே தட்டிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் அரைத்தூக்கத்தில் ஒரு தடவை தப்பாகப் போட்டேன். போட்டதும் ஒரு யோசனை வந்துவிட்டது: ழகரத்துக்கு இசட் எச் போட்டோமா, வெறும் எல் போட்டோமா? யோசனை வந்த நிமிஷமே விரல் மறந்துவிட்டது. நெடிலுக்கு இரண்டு ஏ போட்டோமா, ஒன்றா? ஐகாரத்துக்கு ஏ ஐயா, வெறும் ஐயா? சொற்களுக்கு நடுவே இடைவெளி விட்டோமா? மூன்று தடவை தவறினால் மெஷின் கைவிரித்துவிடும், அணைத்துத் திரும்பத் தொடங்க வேண்டும். எழுதுவது தெரியவும் தெரியாது, வெறும் புள்ளிகள்தான். சொல் என்னவென்று தெரிந்தும் வீட்டுக்குள் போக முடியாமல் வாசலில் நின்றேன். ஒரு காகிதத்தில் எல்லாச் சேர்க்கைகளையும் எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்ததில், சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரத்துக்குத் திறந்தது. இசட் எச்தான், ஆனால் நெடிலுக்கு ஒரே ஒரு ஏ. ஏன் அப்படிப் போட்டேன் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

அதன்பிறகு ழ, ள, ண, ற வரும் சொற்களையும் நெடில் வரும் சொற்களையும் பட்டியலிலிருந்தே கழித்துவிட்டு, கழித்ததற்கு ஈடாக வேறு சொற்களைச் சேர்த்து, மறுபடி கட்டையை உருட்டினோம். தமிழில் கடவுச்சொல் வைக்கிற எல்லாருக்கும் நான் சொல்வது இதைத்தான். சொல் மறக்காது, எழுத்துக்கூட்டுதான் காலை வாரும்.

அடுத்த கண்டம் வேறு திசையிலிருந்து வந்தது. ஒரு ஐப்பசி மழையில் மெஷின் ஆன் ஆகவே இல்லை. பக்கத்து ஊர் சர்வீஸ் கடை ஒன்றில் கொடுத்தேன். எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். கொடுத்ததும், “பாஸ்வேர்ட் எழுதிக் குடுங்க மேடம்” என்று ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்கள். மேஜையில் வரிசையாக லேப்டாப்கள். ஒவ்வொன்றின் மூடியிலும் செல்லோ டேப் போட்டு ஒட்டிய சீட்டு, அதில் பெயர், போன் நம்பர், பாஸ்வேர்ட். நான் கொடுக்கவில்லை. போர்டு வேலைக்குப் பாஸ்வேர்ட் எதற்கு, வேண்டுமென்றால் பென் டிரைவில் பூட் செய்து பாருங்கள் என்றேன். அந்தப் பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

மறுநாள் மத்தியானம் போன்.

“மேடம், போர்டு ரெடியாயிடுச்சு. ஆனா உங்க டிஸ்க்குதான் கரப்ட் ஆயிருக்கு. கழட்டி எங்க சிஸ்டத்துல மாட்டிப் பாத்தேன், ஒண்ணுமே இல்ல. ஃபார்மேட் பண்ணச் சொல்லுது. பண்ணிடவா?”

சாதம் பிசைந்த கையோடு கத்தினேன். “தொடாதீங்க! ஓகே அழுத்தாதீங்க! அப்படியே கழட்டி வைங்க!”

அவன் மேல் தப்பில்லை. விண்டோஸ் கம்ப்யூட்டரில் லக்ஸ் பார்ட்டிஷனை மாட்டினால், அது என்னவென்று விண்டோஸுக்குத் தெரியாது. ‘இதைப் பயன்படுத்த முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று மரியாதையாக ஒரு பெட்டி வரும், கீழே ஒரு பட்டன். அந்த ஒரு சொடுக்கு போதும். ஃபார்மேட் முதலில் எழுதப்போவது பார்ட்டிஷனின் தலைப்பகுதியில். சாவி டப்பாக்கள் இருப்பதும் அங்கேதான். இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. டப்பாவுக்குள் முதன்மைச் சாவியை ஒரே துண்டாக வைப்பதில்லை, 4,000 மடங்காகப் பரத்தி வைத்திருக்கும். அதில் ஒரு பகுதி அழிந்தாலும் சாவி திரும்ப வராது. கடவுச்சொல்லை மாற்றும்போது பழைய டப்பா சுவடில்லாமல் ஒழிய வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. திருடனுக்கு எதிரான அந்த ஏற்பாடே என் கழுத்துக்கும் கத்தியாக இருந்தது. சரியான கடவுச்சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு, திறக்கவே முடியாத பத்தாயத்தின் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இதற்கு மருந்து ஹெடர் பேக்கப். கிரிப்ட்செட்டப்பில் ஒரே கட்டளை, லக்ஸ் 2 என்றால் பெரும்பாலும் 16 எம்பி அளவில் ஒரு ஃபைல் வரும். எனக்கு அன்றுவரை அது இல்லை. கடையிலிருந்து வாங்கி வந்த அன்றே எடுத்தேன். ஒரு எச்சரிக்கை. அந்த ஃபைலில் இருப்பது, எடுத்த அன்றைய டப்பாக்கள். பிற்பாடு கடவுச்சொல்லை மாற்றினாலும், பழைய பேக்கப்பைப் பழைய கடவுச்சொல் திறக்கும், உள்ளே அதே முதன்மைச் சாவிதான் இருக்கும். மாற்றும்போதெல்லாம் பழைய ஹெடர் நகலை ஒழித்துவிட்டுப் புதிது எடுக்க வேண்டும்.

ஃபைல்களுக்கும் தனியாகப் பேக்கப் வேண்டும், அதைச் சொல்லத் தேவையில்லை. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, எங்கள் வீட்டு ஓடு பிய்த்துக்கொண்டு போய், பீரோ மேலே இருந்த கணக்கு நோட்டெல்லாம் கூழாகிவிட்டது. ஒரே ஊரில் இரண்டு நகல் வைப்பதில் அர்த்தமில்லை என்பதை அன்றைக்கே கற்றுக்கொண்டாகிவிட்டது. அதனால் ஒரு வெளி டிஸ்க் திருச்சியில் பெரியம்மா வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதுவும் லக்ஸ் போட்டுப் பூட்டியதுதான். லேப்டாப்பைப் பூட்டிவிட்டு பேக்கப்பைத் திறந்து வைத்திருக்கும் பலரைப் பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன்.

இவ்வளவும் எதிலிருந்து காப்பாற்றாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது பூட்டு திறந்தே இருக்கிறது, சாவி ரேமில் இருக்கிறது. மூடியைச் சாத்தி ஸ்லீப்பில் போட்டாலும் சாவி பொதுவாக அங்கேயேதான். 2008-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ரேம் சிப்பைக் குளிரவைத்து, மின்சாரம் போன பிறகும் அதிலிருந்து சாவியைப் படித்துக் காட்டினார்கள். மன்னார்குடி வெயிலில் அந்தப் பயம் எனக்கு அவ்வளவாக இல்லை. இருந்தாலும் பஸ் ஏறுமுன் ஷட்டவுன் செய்வதை வழக்கமாக்கிக்கொண்டேன். வைரஸ், மோசடி லிங்க் எல்லாம் வேறு கதை. திறந்த வீட்டுக்குள் வருகிறவனை பத்தாயப் பூட்டு ஒன்றும் செய்யாது.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது ஜெராக்ஸ் கடை. அரிசி மில்காரர் போன மாதம்கூட ஆதார் நகல் தேவையென்று, பஸ் ஸ்டாண்ட் பக்கம் உள்ள ஒரு கடையின் நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தார். அந்தக் கடைக் கம்ப்யூட்டரில் ஊர் முழுக்கவே இருக்கிறது, யாரும் அழிப்பதில்லை. நான் ஆறு சொல் கடவுச்சொல் போட்டுக் காக்கிற அதே ஆதார் அங்கே டெஸ்க்டாப்பில் கிடக்கிறது. என்ன செய்வது? என் கையில் இருக்கும் வரைக்கும் நான்தானே பொறுப்பு. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், அடுத்தவர் தகவலைத் தகுந்த பாதுகாப்பில்லாமல் வைத்திருந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போட இடமிருக்கிறது. அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். “அவ்வளவு இருந்தா நான் ஏம்மா உரம் விக்கிறேன்?” என்றார்.

அப்பா போனது 2014-இல். திடீரென்று. பட்டா, சிட்டா, எல்ஐசி பத்திரம் எல்லாம் அவருடைய தகரப்பெட்டியில் இருந்தன, சாவி எப்போதும் அவர் அரைஞாணில். ஆஸ்பத்திரியில் அதை அவிழ்த்து யாரிடம் கொடுத்தார்கள், எங்கே விழுந்தது, ஒன்றும் தெரியவில்லை. பத்தாம் நாள் கழிந்து, பூட்டு ரிப்பேர்காரர் வந்து உடைத்தார். அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தகரப்பெட்டி என்பதால் உடைக்கவாவது முடிந்தது.

அதை நினைத்துத்தான் இரண்டாவது டப்பாவைச் சேர்த்தேன். வேறு ஆறு சொற்கள், எழுத்துக்கூட்டோடு, இடைவெளி எங்கே என்பது வரை, ஒரு தாளில் இங்கிலீஷ் எழுத்தில் எழுதினேன். எந்த மெஷின், ஹெடர் நகல் உள்ள பென் டிரைவ் எது என்று கீழே தமிழில் இரண்டு வரி. கவரில் போட்டு, ஒட்டி, மேலே கையெழுத்துப் போட்டு, பட்டாக்களோடு அதே பழைய தகரப்பெட்டியில் வைக்க அம்மாவிடம் கொடுத்தேன். இப்போது அதற்குப் புதுப் பூட்டு, இரண்டு சாவி.

“என்னடி இது?”

“சாவிம்மா.”

கவரைத் தடவிப் பார்த்தாள். “காயிதம் மாதிரில்ல இருக்கு. எந்தப் பொட்டிக்கு?”

“லேப்டாப்புக்கு.”

பெட்டிக்குள் பத்திரக் கட்டுக்கு அடியில் சொருகினாள். பூட்டப்போனவள் நின்றாள்.

“யாரு வந்து கேட்டா குடுக்கணும்?”

நான் அதை யோசித்திருக்கவில்லை. கவரைத் திரும்ப எடுக்கச் சொல்லி, பின்பக்கம் தம்பி பெயரையும் போன் நம்பரையும் எழுதினேன். அதற்குக் கீழே, முப்பத்து சொச்சம் கடைகளின் பெயரையும் ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தேன். இடம் போதவில்லை. அம்மா எழுந்துபோய் இன்னொரு தாள் கொண்டுவந்தாள்.